பழைய வேலையை ஏன் விட்டீங்க?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் என்னைப் போனில் கூப்பிட்டு, "தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்காங்கப்பா. பசங்களுக்கு உபயோகமா வேற ஏதாவது நீ பேசு" என்றார். எனக்குத் தெரிந்ததைத்தானே நான் பேச முடியும்? நான் 2010-இல் இயந்திரவியல் முடித்து இந்தக் கல்லூரியை விட்டு வெளியே போனேன். அன்றிலிருந்து இன்றுவரை நான்கு இடங்களில் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது கப்பலூர்ப் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவைக் கவனித்து வருகிறேன். ஆறு வருஷமாக ஆள் எடுக்கிற குழுவிலும் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். ஆக, நேர்முகத்தேர்வு மேசைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்தவன், இந்தப் பக்கமும் உட்கார்கிறவன் நான். அந்தத் தகுதியில்தான் இன்று ஒரே ஒரு கேள்வியைப் பற்றிப் பேசப்போகிறேன். "பழைய வேலையை ஏன் விட்டீங்க?" என்பதுதான் அது.

இந்தக் கேள்வியை ஏன் எடுத்துக்கொண்டேன் என்றால், இதற்கு நம்மை யாரும் தயார் செய்வதில்லை. கல்லூரி வளாகத்தில் நடக்கும் தேர்வுக்கு எவ்வளவோ பயிற்சி கொடுக்கிறார்கள். உன்னைப் பற்றிச் சொல், உன் பலம் என்ன, பலவீனம் என்ன, ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பாய் என்று எல்லாவற்றுக்கும் பதில் மனப்பாடம். ஆனால் அப்போது நமக்குப் பழைய வேலை என்று ஒன்று கிடையாது. இரண்டாவது வேலைக்குப் போகும்போது கல்லூரியும் கூட வராது, பயிற்சி கொடுத்த ஆசிரியரும் கூட வரமாட்டார். தனியாளாகப் போய் உட்காருவோம். மற்ற கேள்விக்கெல்லாம் கணீரென்று பதில் சொல்லும் ஆள், இந்தக் கேள்வி வந்ததும் தண்ணீர் டம்ளரை எடுப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

ஒரே இடத்தில் ஆயுள் முழுக்க

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும். அதற்குக் காரணம் இருக்கிறது. மதுரை மில் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த ஹார்வி மில், அதற்குப் பின் வந்த மீனாட்சி மில் என்று சங்குச் சத்தத்தில் எழுந்து சங்குச் சத்தத்தில் வீடு திரும்பிய ஊர் இது. திருப்பரங்குன்றம் பக்கம் ஹார்விப்பட்டி இருக்கிறதே, அந்தக் குடியிருப்பே மில் தொழிலாளர்களுக்காக உருவானதுதான். அந்தக் காலத்தில் ஒருவர் மில்லில் சேர்ந்தால் அங்கேயே தலை நரைத்து அங்கேயே ஓய்வு பெறுவார். என் தகப்பனார் 32 வருஷம் ஒரே மில்லில் வேலை பார்த்தார். அவர் தலைமுறைக்கு "வேலையை விட்டுட்டான்" என்று சொன்னால் "ஏதோ தப்பு பண்ணிட்டான்" என்றுதான் அர்த்தம். தெருவில் நாலு பேர் குரலைத் தாழ்த்திப் பேசுகிற விஷயம் அது. இன்றைக்கும் நம் வீடுகளில் அந்தக் குரல் கேட்கிறது. நேர்முகத்தேர்வில் நம்மைத் தடுமாற வைப்பதும் பாதி அந்தக் குரல்தான்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. வேலையை விட்டவர்களும் சேர்ந்து கட்டிய ஊர்தான் இது. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார் ரயில்வேயிலும் பிறகு ஒரு வங்கியிலும் பார்த்த உத்தியோகத்தை விட்டுவிட்டு 1911-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். அடுத்த ஆண்டே பஸ் விட்டார். அந்த நாளில் ரயில்வே உத்தியோகத்தை ஒருவர் விடுகிறார் என்றால் உறவினர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு இந்த ஊரில் எத்தனை குடும்பங்களுக்கு அந்த மூன்றெழுத்தே சோறு போட்டது என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆகவே வேலையை விடுவது குற்றமும் இல்லை, பெருமையும் இல்லை. எதற்காக விட்டோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எதற்காகக் கேட்கிறார்கள்?

மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் மனதில் என்ன ஓடுகிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று சந்தேகங்கள். முதலாவது, இவரே விட்டாரா, அவர்கள் அனுப்பினார்களா? இரண்டாவது, அங்கே விட்ட அதே காரணத்துக்காக இங்கேயும் ஆறு மாதத்தில் விட்டுவிடுவாரா? மூன்றாவது, நாளைக்கு நம்மைப் பற்றி வெளியே எப்படிப் பேசுவார்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் கேள்வி முடிந்தது. உங்கள் சொந்தக் கதையைத் தோண்டி எடுக்கும் ஆசை எங்களுக்கு இல்லை. பன்னிரண்டு பேரைப் பார்த்துவிட்டு ஐந்து மணிக்குள் முடிவு சொல்லவேண்டிய அவசரம் எங்களுக்கு.

அடுத்து, பொய் சொல்வதைப் பற்றி. நான் நீதி போதிக்க வரவில்லை. நடைமுறையாகவே சொல்கிறேன், தேதியில் பொய் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். 2014-இல் வருங்கால வைப்புநிதிக்கு யு.ஏ.என். என்ற நிரந்தர எண் வந்தது. நீங்கள் எத்தனை கம்பெனி மாறினாலும் எண் ஒன்றுதான். எங்கே எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எந்தத் தேதியில் வெளியேறினீர்கள் என்பது அதில் வரிசையாக இருக்கும். வெளியேறிய காரணம் என்று ஒரு கட்டமும் உண்டு. பல பேர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. பாருங்கள். பழைய கம்பெனி வெளியேறிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், 2020 முதல் உறுப்பினரே அதைப் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அனுபவச் சான்றிதழ் மூன்றையும் ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மாதம் சும்மா இருந்தால் ஐந்து மாதம் சும்மா இருந்தேன் என்று சொல்லுங்கள். இல்லாத கம்பெனியில் இருந்ததாகச் சொல்லி, சரிபார்க்கும்போது பிடிபட்டு, கையில் கிடைத்த வேலை கழன்றுபோனவர்கள் உண்டு.

சம்பளத்துக்காக விட்டேன் என்று சொல்லலாமா?

தம்பிகள் அடிக்கடி கேட்பது இது. தாராளமாகச் சொல்லலாம். நாமெல்லாம் தர்மத்துக்கா வேலை பார்க்கிறோம்? ஆனால் சொல்கிற விதம் ஒன்று இருக்கிறது. எங்களிடம் வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் "கெரியர் குரோத்துக்காக சார்" என்பார்கள். "என்ன குரோத்து?" என்று கேட்டால் அமைதி. அந்த வார்த்தை தேய்ந்துபோன பழைய காசு மாதிரி, கடையில் யாரும் வாங்கமாட்டார்கள். ஒரு பையன் மட்டும் இப்படிச் சொன்னான்: "சார், நான் சேரும்போது ரெண்டு மெஷின் பார்த்தேன். மூணாவது வருஷம் ஏழு மெஷின். சம்பளம் மொத்தமா ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்தான் கூடுச்சு. கேட்டேன், அடுத்த வருஷம் பார்க்கலாம்னாங்க. ஒரு வருஷம் இருந்து பார்த்துட்டுத்தான் விட்டேன்." இதில் புகார் இல்லை, கணக்கு இருக்கிறது. ஒரு வருஷம் பொறுத்தான் என்பதும் இருக்கிறது. அந்தப் பையன் இன்றைக்கு எங்கள் ஷிப்டு இன்சார்ஜ்.

கம்பெனி மூடிவிட்டால், ஆள் குறைத்துவிட்டால்

இதைச் சொல்ல வெட்கப்படுகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள், அதிலும் ஏராளமான பெண் பிள்ளைகள், தென் மாவட்டங்களில் இருந்தெல்லாம் போய் வேலை பார்த்தார்கள். 2014 நவம்பர் முதல் தேதியோடு உற்பத்தி நின்றது. ஃபோர்டு கம்பெனி 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்து, 2022-இல் மறைமலைநகர் ஆலையில் உற்பத்தியை முடித்துக்கொண்டது. கணினித் துறையில் 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. இத்தனை ஆயிரம் பேரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்யாததாலா வெளியே வந்தார்கள்? வரிப் பிரச்சினையும், விற்பனைச் சரிவும், எங்கோ வெளிநாட்டில் ஒரு கூட்டத்தில் எடுத்த முடிவும் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால், அதற்கு அவர் தலைகுனிய வேண்டியதில்லை.

அப்படிப்பட்டவர் சொல்லவேண்டியது சுருக்கமானது. "எங்க லைன்ல நாற்பது பேர். நாற்பது பேருக்கும் ஒரே நாள்ல கணக்கு முடிச்சாங்க. அதுவரைக்கும் நான் பார்த்த வேலை இது." பாதிப் பேரை வைத்துக்கொண்டு பாதிப் பேரை அனுப்பியிருந்தால், "ஏன் உங்களை?" என்று கேட்பார்கள். கம்பெனி என்ன அளவுகோல் வைத்தது என்று தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். கூடவே, உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லக்கூடிய பழைய மேலாளர் ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். அந்த ஓர் எண்ணுக்குப் பத்து விளக்கத்தைவிட மதிப்பு அதிகம்.

மேலாளரோடு ஒத்துவராமல் போனால்

உண்மையில் நிறையப் பேர் வேலையை விடுவது இதனால்தான். ஆனால் இதைச் சொல்லும்போதுதான் வாய் நீளும். "அந்த ஆளு சரியில்ல சார், எல்லாத்தையும் அவரே பண்ணணும்பாரு, வேண்டியவனுக்கு ஒரு நியாயம், வேண்டாதவனுக்கு ஒரு நியாயம்" என்று ஆரம்பித்து நிறுத்தமாட்டார்கள். நம் தொழில் உலகம் சின்னது, தம்பிகளே. கப்பலூரில் தும்மினால் ஒரகடத்தில் "நூறாயுசு" என்பார்கள். நீங்கள் திட்டும் ஆள், உங்களைத் தேர்வு செய்கிறவரின் சகலையாகக்கூட இருக்கலாம். சகலை இல்லாவிட்டாலும், அடுத்த ஊரில் நம்மைப் பற்றியும் இப்படித்தான் சொல்வான் என்ற எண்ணம் எங்களுக்கு வராமல் இருக்காது.

ஆளை விட்டுவிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். "ரிப்போர்ட் காலையில வேணும்பாங்க, அளவு எடுக்கிற வேலை ராத்திரி ஷிப்டுலதான் முடியும். இதுக்கு ஒரு வழி பண்ணணும்னு நான் ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். ஒத்துவரல." இதிலும் அதே சண்டைதான் இருக்கிறது. ஆனால் கேட்கிறவருக்கு ஓர் ஆள் தெரியாமல் ஒரு பிரச்சினை தெரிகிறது. பிரச்சினையைத் தீர்க்கப் பார்த்த உங்களையும் தெரிகிறது.

கையெழுத்துப் போடமாட்டேன் என்று வந்தால்

இது என் சொந்தக் கதை. கம்பெனி பெயர் வேண்டாம். என் இரண்டாவது வேலை சென்னைக்கு வெளியே, பிரேக் சம்பந்தப்பட்ட ஓர் உதிரிபாகம் செய்யும் இடத்தில். ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்து வரும் ஒவ்வொரு தொகுதியிலும் ஹார்ட்னஸ் பார்த்து, சோதனைச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. ஒரு நாள் சோதனை எந்திரம் பழுது. லாரி வாசலில் நிற்கிறது. "போன மாசத்து ரீடிங்கையே எழுதி கையெழுத்துப் போடுப்பா, ஒண்ணும் ஆகாது" என்றார்கள். நான் போடவில்லை. வேறு யாரோ போட்டார்கள். அடுத்த மாதமும் அப்படியே நடந்தது. மூன்றாம் தடவை, நடந்ததைத் தேதி போட்டு எழுதி நிர்வாகத்திடம் கொடுத்து, சரக்கை வாங்கும் கம்பெனியின் தரப்பிரிவுக்கும் ஒரு நகல் அனுப்பிவிட்டு, ராஜினாமாவையும் கொடுத்தேன். கையில் வேறு வேலை இல்லை.

ஐந்து மாதம் வீட்டில் இருந்தேன். வண்டிக் கடன் தவணை இரண்டு நின்றது. பேசி முடித்திருந்த பெண் வீட்டார், "மாப்பிள்ளைக்கு வேலை அமையட்டும், பார்க்கலாம்" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். 32 வருஷம் ஒரே மில்லில் இருந்த என் தகப்பனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கையெழுத்துப் போடாமத்தானே வந்த? சரி, சாப்பிடு" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை.

நேர்முகத்தேர்வுகளுக்குப் போனேன். என்ன சொல்வது என்று ராத்திரி ராத்திரியாக யோசித்தேன். உள்ளதை முழுக்கச் சொன்னால் கோள் சொல்வது மாதிரி ஆகும். "கெரியர் குரோத்து" என்றால் பொய். கடைசியில் இப்படி வைத்துக்கொண்டேன்: "தரப்பிரிவில் நான் பார்த்து அளந்ததற்குத்தான் கையெழுத்துப் போடுவேன். அந்த நடைமுறையில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்."

ஓர் இடத்தில் இதைக் கேட்டதும் கோப்பை மூடி, "கூப்பிடுறோம்" என்றார்கள். இன்றுவரை கூப்பிடவில்லை. மூன்று பொருள் சோதிக்க வேண்டிய இடத்தில் ஒன்றைத் தவிர்க்கும் பழக்கம் அங்கேயும் இருந்ததோ என்னவோ, எனக்குத் தெரியாது. இன்னோர் இடத்தில், மதுரைக்குப் பக்கத்திலேயே, வயதான ஒரு மேலாளர் என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்ப அந்தச் சரக்கெல்லாம் இப்ப எந்த வண்டியில ஓடிக்கிட்டிருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. "சார், சொல்லவேண்டிய ரெண்டு இடத்துலயும் எழுத்துல சொல்லிட்டேன். இங்க வச்சு அந்தக் கம்பெனி பேரைச் சொல்லிப் பேசறது நியாயமில்லைன்னு நினைக்கிறேன்" என்றேன். அவர் அதற்கு மேல் அதைத் தொடவில்லை. அளவுக் கருவிகளை எத்தனை நாளுக்கு ஒருமுறை சரிபார்ப்பாய் என்று கேட்டார். அரை மணி நேரம் வேலையைப் பற்றியே பேசினோம். மறுவாரம் உத்தரவு வந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். உண்மையைச் சொன்னால் எல்லா இடத்திலும் வேலை கிடைக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். கிடைக்காத இடமும் உண்டு. ஆனால் அந்த உண்மை ஒத்துவராத இடத்தில் போய் உட்கார்ந்திருந்தால், ஆறு மாதத்தில் மறுபடி அதே லாரி, அதே வாசல்.

ஊருக்குத் திரும்புகிறவர்கள்

சில வருஷத்துக்கு முன்னால் பெங்களூரில் நல்ல வேலையில் இருந்த ஒருவர் எங்களிடம் வந்தார். ஏன் விட்டீர்கள் என்றதற்கு, "அங்க கிளைமேட் ஒத்துக்கல சார்" என்றார். சித்திரை வெயிலில் மதுரையில் உட்கார்ந்துகொண்டு பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் யார் நம்புவார்கள்? குழுவில் இருந்த ஒருவர் தாளில் "நிலையில்லாதவர்" என்று குறித்துவிட்டார். மாலையில் வாசல் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் சொன்னார், அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், கூட்டிப்போக வேறு ஆள் இல்லை, அதனால்தான் வந்துவிட்டார். "இதை ஏங்க உள்ள சொல்லல?" என்றேன். "குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி வேலை கேக்குறாப்புல ஆயிடும்ணே" என்றார்.

நான் திரும்பப் போய் குழுவில் சொன்னேன். அதற்குள் வேறொருவருக்கு முடிவாகிவிட்டது. எங்கள் குழு தேடிக்கொண்டிருந்ததோ மதுரையை விட்டுப் போகாத ஓர் ஆளை. அவர் வாயை மட்டும் திறந்திருந்தால், வேலையை விட்ட காரணமே வேலையில் நிலைத்து நிற்பதற்கான காரணமாக ஆகியிருக்கும். பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்புவது நம் மண்ணில் கௌரவமான காரணம். கஷ்டத்தை விவரிக்க வேண்டாம். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நான் மதுரையில் இருந்தாக வேண்டும், நேரத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டேன்" என்ற ஒரு வரி போதும்.

தங்கைகளுக்கும் இதையே சொல்கிறேன். குழந்தைக்காக இரண்டு வருஷம், மூன்று வருஷம் வீட்டில் இருந்திருந்தால் அதை மறைக்க வேண்டாம், அதற்காக மன்னிப்புக் கேட்கிற தொனியும் வேண்டாம். 2017 சட்டத் திருத்தத்தில் பேறுகால விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. ஆனாலும் 27-ஆவது வாரம் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி பல வீடுகளில் அப்படியே நிற்கிறதே. "இத்தனை நாள் விலகி இருந்தேன், இப்போது ஏற்பாடு இருக்கிறது, இடையில் இன்ன மென்பொருளைப் படித்துக்கொண்டேன்" என்று நிமிர்ந்து சொல்லுங்கள்.

பத்திரமும் நோட்டீஸும்

ஒப்பந்தப் பத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பாண்டு எல்லாம் கோர்ட்டுல நிக்காதுப்பா" என்று விடுதியில் சீனியர்கள் சொல்வது உண்டு. அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். விஜயா வங்கியில் 2007-இல் ஒரு பதவியில் சேர்ந்த அதிகாரி, மூன்று வருஷம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 2 லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டவர், 2009-இல் வேறு வங்கிக்குப் போனார். பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் 2025 மே 14-இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் குறைந்தபட்சக் காலம் இருக்க வேண்டும் என்பது அந்தத் தடையில் அடங்காது என்பது நீதிமன்றத்தின் கருத்து. ஒவ்வொரு பத்திரமும் ஒவ்வொரு மாதிரி. கையெழுத்துப் போடும் முன் படியுங்கள், விடும் முன் இன்னொரு தடவை படியுங்கள். நோட்டீஸ் காலத்தை முடித்துக் கொடுத்து, பொறுப்பை எழுதி ஒப்படைத்துவிட்டு வந்தவருக்கு "ஏன் விட்டீங்க?" என்ற கேள்வியில் பாதிப் பயம் இருக்காது.

அரை நிமிஷம் போதும்

இத்தனையையும் சேர்த்துச் சொன்னால் பதிலுக்கு மூன்று வாக்கியம் போதும். அங்கே என்ன நடந்தது என்பது ஒன்று. அதைச் சரிசெய்ய நான் என்ன செய்தேன் என்பது ஒன்று. இங்கே நான் எதைத் தேடி வந்திருக்கிறேன் என்பது ஒன்று. நம்மில் பெரும்பாலோர் முதல் வாக்கியத்திலேயே கால் மணி நேரம் தங்கிவிடுகிறோம். இரண்டாவது வாக்கியத்துக்கு நம்மிடம் சரக்கு இல்லையென்றால், வேலையை விடுவதற்கு முன்னால் செய்யவேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

வள்ளுவர் வாய்மைக்கு ஓர் அதிகாரம், புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரம், சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் என்று தனித்தனியாக வைத்தார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அரை நிமிஷத்தில் மூன்றும் ஒன்றாகத் தேவைப்படுகிறது. பொய்யும் கூடாது, பழியும் கூடாது, வாய் குழறவும் கூடாது.

முன்னாள் மாணவர்களுக்கு

கடைசியாக, மேசைக்கு இந்தப் பக்கம் உட்காரும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அப்துல் கலாம் அவர்கள் 1962-இல் விண்வெளி ஆராய்ச்சிக் குழுவின் நேர்முகத்தேர்வுக்குப் பம்பாய் போனதைத் தன் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் எழுதியிருக்கிறார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் விக்ரம் சாராபாய். அவருடைய கேள்விகள் தனக்கு என்ன தெரியும் என்று சோதிப்பதாக இல்லாமல், தன்னால் என்னவெல்லாம் முடியும் என்று தேடுவதாக இருந்தன என்பதை அவர் நினைவுகூர்கிறார். நாம் சாராபாய் இல்லைதான். ஆனால் அந்த நாற்காலியில் உட்காரும்போது அந்த நினைப்பு கொஞ்சம் இருக்கலாமே? கம்பெனி மூடி வந்தவரைக் குற்றவாளி மாதிரி விசாரிக்க வேண்டாம். பெண்களிடம் "அடுத்த குழந்தை எப்போ?" என்று கேட்கவே வேண்டாம். "கிளைமேட்" என்று ஒருவர் சொன்னால் சிரித்துவிட்டுத் தாளில் குறிக்காமல், "வேற ஏதும் காரணம் இருக்கா? சொல்லலாம்னா சொல்லுங்க" என்று இன்னொரு தடவை கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

சங்கத்துக்கும் ஒரு யோசனை. கடைசி வருஷ மாணவர்களுக்கு மாதிரி நேர்முகத்தேர்வு நடத்துகிறோம். வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் ஆனவர்களுக்கும், வேலை போய் வீட்டில் இருப்பவர்களுக்கும் அதுபோல் வருஷத்தில் இரண்டு சனிக்கிழமை நடத்தலாம். வீட்டில் வேலை இல்லாமல் இருக்கிறவர் இந்த மாதிரி சந்திப்புக்கு வரமாட்டார். "இப்ப எங்க இருக்க?" என்ற கேள்விக்குப் பயந்தே வரமாட்டார். நான் வீட்டில் இருந்த அந்த ஐந்து மாதத்தில் நடந்த சந்திப்புக்கு நானும் வரவில்லை. இன்றைக்கும் நம் வகுப்புப் பட்டியலில் அப்படி வராதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு நாமே போன் போட்டுக் கூப்பிடுவோம். நான் என் வகுப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், முதல் சனிக்கிழமைக்கு மேசை நாற்காலி போடும் வேலையும் என்னுடையது.

அன்றைக்கு வகுப்பில் என்னை நிறுத்தி வைத்து "காரணத்தோடு பதில் சொல்" என்று கேட்டுப் பழக்கிய என் ஆசிரியர்களுக்கு நன்றி கூறி அமர்கிறேன். பின்வரிசைத் தம்பிகளே, சாப்பாடு ரெடி என்று கை காட்டுகிறார்கள்.